மூடாமல் விடமாட்டேன்

பேருந்து நிலையத்தில் தலைக்கு மேலே ஒரு பெண் குரல் கேட்குமே, அது நான்தான். முகத்தைப் பார்த்து என்னை அடையாளம் சொல்ல ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. கடைக்குப் போய், "சோப்பு ஒண்ணு குடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "சோப்பு எந்தப் பிளாட்பாரத்துல வருதுங்க?" என்று கேட்டுவிட்டுத் தன் பகடிக்குத் தானே சிரிப்பார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாயை மட்டுமே வைத்துப் பிழைத்தவள். கண்ணாடி அடைத்த ஒரு மாடி அறை, ஒரு மைக், தொண்டைக்கு ஒரு பாட்டில் வெந்நீர். அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம்.

சட்டமன்றத் தேர்தலில் என் தம்பி நிற்கப்போகிறான் என்று தெரிந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அவன் வக்கீல். சின்ன வயதிலேயே, தட்டை யார் உடைத்தது என்று அம்மா கேட்டால், தப்பு தட்டின் மேல்தான் என்று நிரூபித்துவிட்டுப் போவான். வேட்பாளர் ஆனதும் அவனுடைய நிலைப்பாடுகளை அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் கழிப்பறை, மழைக்கு ஒழுகாத ஆஸ்பத்திரி, குண்டும் குழியும் இல்லாத சாலை, பேருந்துக் கட்டணத்தை ஏற்றக் கூடாது. எல்லாம் நல்ல விஷயம்தான். கழிப்பறை வேண்டாம் என்று எவன் சொல்லப்போகிறான்? அதற்காக யாரும் ஓட்டை மாற்றிப் போடுவதும் இல்லை. ஊர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான்: சாய ஆலையைப் பற்றி வக்கீல் என்ன சொல்லப்போகிறார்?

ஆலை மேட்டில் இருக்கிறது. அதைச் சுற்றித் தொழிலாளர் வீடுகள். எங்கள் வீடும் அங்கேதான், என் கணவர் ஆலையில் பாய்லர் பார்க்கிறவர். ஆலையின் பின்பக்கத்திலிருந்து ஒரு வாய்க்கால் பள்ளத்துக்கு இறங்குகிறது. அன்றைக்கு உள்ளே எந்தச் சாயம் ஓடுகிறதோ அந்த நிறத்தில் தண்ணீர் வரும். பள்ளத்தில் இருக்கிற வாய்க்கால் தெருவில் கிணறும் அப்படித்தான், குழாயும் அப்படித்தான். வெள்ளைத் துணி வெள்ளையாக இருக்கிற வீடு அந்தத் தெருவில் கிடையாது.

அந்தத் தெருவில்தான் என் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மோட்டார் சைக்கிள் பழுது பார்ப்பவர், தங்கமான பையன். போன வருஷம் அவளுக்கு ஆறாம் மாதத்தில் கரு தங்காமல் போய்விட்டது. "தண்ணியாலதான்னு சொல்ல முடியாது. தண்ணியால இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இதைச் சொல்ல எதற்குப் படிப்பு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது மறுபடி முழுகாமல் இருந்தாள். குடிக்க மாப்பிள்ளை வெளியிலிருந்து கேனில் கொண்டுவந்தார். குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதே தண்ணீர்தான். தூரத்து ஊரில் மாப்பிள்ளையின் அண்ணன் இருக்கிறார், அங்கே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மாப்பிள்ளைக்கும் போய்விடலாம் என்றுதான் எண்ணம். இவளுக்குத்தான் என்னை விட்டுவிட்டுப் போக மனசில்லை.

"அம்மா, நீ சொல்லு. இருக்கவா, போகவா?"

நான் நேரே தம்பியிடம் போனேன். அவனுடைய தேர்தல் அலுவலகம் முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இடம். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தான்.

"டேய், சுத்தி வளைக்காம சொல்லு. ஆலையை மூடுவியா, மாட்டியா? உன் மருமக வயித்துல புள்ளையோட கெடக்கறா."

"அக்கா, உன்மேல சத்தியமா சொல்றேன். மூடாமல் விடமாட்டேன்" என்றான். சொல்லிவிட்டு அவனே அந்த வார்த்தையில் மயங்கிப்போனான். "நல்லா இருக்குல்ல? இதையே உன் குரல்ல பதிவு பண்ணி வண்டியில போடலாம். இந்த ஊர்ல யாரு சொன்னாலும் நம்ப மாட்டாங்க, நீ சொன்னா பஸ்ஸே நம்பும். நான் ஜெயிச்சு உள்ளே போனா உன்னைத்தான்க்கா ஸ்பீக்கர் ஆக்கணும்."

சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது வாயில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். ஊரே அவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடும். அவருடைய கடையில், நாலு பக்கமும் மெத்தை ஒட்டிய ஒரு பெட்டி அறையில் உட்கார்ந்து பேசினேன். "உங்கள் வேட்பாளர் உறுதி சொல்கிறார்: சாய ஆலையை மூடாமல் விடமாட்டேன்!" ஒரே தடவையில் சரியாக வந்தது. கத்திரி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். மகளிடம் போய், "பேசாம இரு, எங்கேயும் போகாத, உன் மாமா மூடிடுவான்" என்றேன். அவள் அன்றைக்கே பெட்டியிலிருந்து துணிகளை எடுத்துத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள்.

வண்டி வாய்க்கால் தெருவில் ஓடிய முதல் நாளே செய்தி மேட்டுக்கு வந்துவிட்டது. என் கணவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. தட்டைக் காலி செய்து 'ணங்' என்று வைப்பார், சட்டையைத் தானே தேடிக்கொள்வார், கதவிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பாய்லரைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷன். மகளும் அவருக்கு மகள்தான். ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு வைக்க அவராலும் முடியவில்லை, அதனால் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு சாயங்காலம் கையில் இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்.

"இந்தா, சாப்பிடு. இப்பத்தான் நீ என் பொண்டாட்டி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏங்க, என்ன விசேஷம்?"

"என்ன விசேஷமா? ஆலை வாசல்லயே வந்து சொல்லிட்டுப் போச்சே வண்டி. உன் குரல்தான். ஷிப்டு விட்ட நேரம், அத்தனை பேரும் கை தட்டினாங்க. 'ஆலையை மூட விடமாட்டேன்'னு நீ சொன்னதும் எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"மூடாமல் விடமாட்டேன்னுதானே சொன்னேன்?"

"மூட விடமாட்டேன்னு சொன்ன. என் காது இன்னும் ஆலைச் சத்தத்துல போயிடல."

இனிப்பை அப்படியே வைத்துவிட்டுக் கத்திரியின் கடைக்கு ஓடினேன். அந்த ஆளுக்குக் கொஞ்சம்கூட வெட்கம் இல்லை. பாராட்ட வந்திருக்கிறேன் என்று நினைத்துக் கணினியில் போட்டுக் காட்டினார். என் குரல் பச்சைக் கோடுகளாக மலையும் பள்ளமுமாக ஓடியது.

"வக்கீல் சார் சொன்னாருக்கா, மேட்டுக்கு வேற மாதிரி வேணும்னு. உங்களை மறுபடி எதுக்கு அலையவிடணும்? 'டா'வுல பாதி, 'மல்' முழுசு. அதை மட்டும் எடுத்தேன். ஒட்டுன இடம் தெரியுதா பாருங்க."

தெரியவில்லை. மூச்சுகூட என் மூச்சு. "சாய ஆலையை மூட விடமாட்டேன்!" என்று என் வாயால் நான் சொல்லாததை அவ்வளவு உறுதியாக நான் சொன்னேன். இத்தனை காலம் வண்டி நம்பரில் ஒரு இலக்கம்கூடப் பிசகாமல் சொன்ன குரல்.

தம்பியிடம் போனபோது அவன் மாலையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அக்கா, கத்தாத, ஆளுங்க இருக்காங்க. மேட்டுலயும் ஓட்டு இருக்கா இல்லையா? ஜெயிச்சாத்தானே எதையும் செய்ய முடியும்?"

"செய்ய முடியும்னா எதை? மூடறதையா, மூட விடாம இருக்கறதையா?"

"முதல்ல உள்ளே போறேன். போனதும் ஆவன செய்யறேன்."

"என்னடா ஆவன? அது மூடறதா, தெறக்கறதா?"

"ஆவனன்னா ஆவனதான்க்கா" என்றான். அப்புறம் குரலைத் தணித்து, ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்கிற மாதிரிச் சொன்னான். "நீ கவலைப்படற அளவுக்கு ஒண்ணுமே இல்ல. மேட்டுல போட்டுட்டு மாத்த மறந்து, வண்டிக்காரர் அதையேதான் வாய்க்கால் தெருவுலயும் போட்டிருக்காரு. அங்கேயும் கை தட்டினாங்க. ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியல. அவங்கவங்களுக்கு வேணுங்கறதுதான் அவங்கவங்க காதுல விழும்."

ஒருத்தருக்கும் தெரியாமல் இருக்கலாம். என் மகளுக்குத் தெரியும். தொட்டிலில் கிடந்தபோதிலிருந்து என் வாயைப் பார்த்தே வளர்ந்தவள். நான் அறிவிப்பைச் சொல்லிப் பழகும்போது, "அம்மா, 'ள'வை முழுங்கிட்ட" என்று திருத்துகிற பிள்ளை.

அவள் வீட்டுக்குப் போனபோது அலமாரி திறந்திருந்தது, பெட்டியும் திறந்திருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை, "வாங்க அத்தை" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அப்பாவோட வேலைக்காகத்தானே?" என்றாள், என்னைப் பார்க்காமல்.

"அடியே, நான் சொல்லலடி. கத்திரி வெட்டிட்டான். உன் மாமா வெட்டச் சொல்லியிருக்கான். எந்தச் சாமி மேல வேணாலும் சத்தியம் பண்றேன்."

"மாமாவும் சத்தியம்தான் பண்ணாரு."

அவள் ஒரு துணியை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"சரி. வெட்டிட்டாங்கன்னு நீ சொல்ற. உன் கையில ஒரு மைக் இருக்குல்ல? அதுல வெட்டறதுக்கு ஆள் இல்லல்ல? அதுல சொல்லு. நீ என்ன சொன்ன, என்ன சொல்லலன்னு ஊர் கேக்கச் சொல்லு. நான் நம்பறேன். இருக்கறேன்."

மறுநாள் காலை வேலைக்குப் போகும்போது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அரசாங்க மைக்கில் தேர்தல் பேச்சு பேசினால் வேலை போகும். தம்பி தோற்றால் குடும்பமே என்னைத் தூற்றும். கணவர் மறுபடி கதவோடு பேசப்போவார். ஆனால் இவ்வளவும் ஒரு தட்டு, அவள் 'இருக்கறேன்' என்று சொன்னது ஒரு தட்டு. நிலையம் நிரம்பி வழிகிற நேரம் பார்த்து, வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு மைக்கைத் திறந்தேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று தொடங்கினேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியாது. "இது பேருந்து பற்றிய அறிவிப்பு அல்ல. தேர்தல் வண்டியில் என் குரல் கேட்கிறது. 'சாய ஆலையை மூட விடமாட்டேன்'..."

அந்த இடத்தில்தான் அறைக் கதவு படாரென்று திறந்தது. நிலைய மேலாளர். 'தேர்தல்' என்ற சொல் காதில் விழுந்ததும் மாடிப்படியைத் தாவித் தாவி ஏறி வந்திருக்கிறார், நல்ல மனுஷன், ஓய்வு பெறக் கொஞ்ச காலமே மிச்சம். சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டிவிட்டார். நான் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். "...என்று நான் சொல்லவே இல்லை." செத்த மைக்கில், அவர் ஒருவர் மட்டும் கேட்க.

நம் பாஷையில் 'இல்லை' கடைசியில்தான் வருகிறது. என்ன செய்ய? அதை முன்னால் கொண்டுவந்து வைக்கிற மாதிரி ஒரு வாக்கியத்தை எத்தனையோ தடவை மனசுக்குள் கட்டிப் பார்த்துவிட்டேன். 'நான் சொல்லவில்லை' என்று தொடங்கியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லையே. சாகிற நேரத்தில் சங்கரா என்று வாயில் வருவதற்கு முன்னாலேயே பழக்கம் வேண்டும் அல்லவா? எனக்குப் பழக்கமெல்லாம் வண்டி எண், ஊர் பெயர், நடைமேடை, கடைசியில் நன்றி.

கீழே பார்த்தேன். ஷிப்டுக்குப் போகிற ஆலை ஆட்கள் நாலாவது நடைமேடையில் நின்று அண்ணாந்து எனக்குக் கை தட்டினார்கள். ஒருவர் துண்டைச் சுழற்றினார். ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வாய்க்கால் தெருப் பெண் ஒருத்தி, பாட்டில் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணாடியைத் தட்டினேன், கையால் இல்லை இல்லை என்று ஆட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

மேலாளர் என்னை எழுத உட்காரவைத்தார். விளக்கம், விளக்கத்துக்கு விளக்கம். வேலை முழுசாகப் போகவில்லை, வேட்பாளரின் அக்கா என்பதால் அவருக்கும் பயம். எதிரணியினர் புகார் கொடுத்திருந்தார்கள், நான் ஆலைக்காரர்களுக்கு அரசாங்க மைக்கில் பிரசாரம் செய்தேன் என்று. அதை மறுக்கப் போனால், ஆலைக்கு எதிராகப் பிரசாரம் செய்ததாக ஆகும். எப்படித் திரும்பினாலும் இடிக்கிற சந்து. எழுதி முடித்து வாய்க்கால் தெருவுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

"பஸ் ஸ்டாண்டு மைக்குலயே சொல்லிட்டியாமே" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சொல்லிவிட்டு வாசலைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீர் அன்றைக்கு ஊதா.

மகள் போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளை எடுத்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். சுவிட்சு, மேலாளர், செத்த மைக், 'இல்லை' எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டார். அவளிடம் சொல்கிறேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"அத்தை, தப்பா எடுத்துக்காதீங்க. சொன்னேன். 'ஒரு தடவை வெட்டினாங்கன்னா நம்பலாம், ரெண்டு தடவையுமா வெட்டுவாங்க?'ன்னு கேக்கறா."

நியாயமான கேள்விதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

தம்பி ஜெயித்தான். மேட்டிலும் பட்டாசு வெடித்தார்கள், பள்ளத்திலும் வெடித்தார்கள். டிவியில் ஒரு பெண் அவனிடம் ஆலையைப் பற்றி உங்கள் நிலைப்பாடு என்ன என்று கேட்டாள். "நான் தேர்தலில் என்ன சொன்னேனோ அதைத்தான் செய்வேன். ஆவன செய்யப்படும்" என்றான், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். அவன் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. ஆசீர்வாதம் வாங்க வீட்டுக்கு வந்தான். என் கணவர் நாற்காலி எடுத்துப் போட்டார். நான் சமையலறையிலிருந்து வெளியே வரவில்லை. காலில் விழ ஆள் கிடைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான்.

என்னைக் கண்ணாடி அறையிலிருந்து இறக்கி, பயணிகள் தவறவிட்ட பொருட்கள் இருக்கிற அறையில் போட்டார்கள். குடைகள், ஒற்றைச் செருப்புகள், மூக்குக் கண்ணாடிகள். அங்கே பேச்சுக்கு வேலை இல்லை. மேலே இப்போது ஒரு இயந்திரம் அறிவிக்கிறது. 'ழ' வராது அதற்கு, ஆனால் அது யாருக்கும் சத்தியம் செய்வதில்லை.

கணவருக்கு வேலை இருக்கிறது. பேச்சும் இருக்கிறது. ஆனால் முன்பு அவர் பேசாமல் இருந்த நாட்களில்கூட எங்களுக்குள் இவ்வளவு அமைதி இருந்ததில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மாப்பிள்ளை ஆலைக்குப் போன் பண்ணாரு. பொண்ணு பொறந்திருக்கு. எடை கம்மிதான், ஆனா நல்லா இருக்காம். தாயும் நல்லா இருக்காளாம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் பாக்க வரச் சொன்னாரு. உன்னை... ஒண்ணும் சொல்லல."

வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆசை தீர அழுதேன். நல்லா இருக்கிறார்கள் என்பதற்கு அழுதேனா, நான் இல்லாமலே நல்லா இருக்கிறார்கள் என்பதற்கு அழுதேனா, தெரியாது. முகத்தைக் கழுவிக்கொண்டு, வெந்நீர் குடித்துத் தொண்டையைச் சரி செய்துகொண்டு, அவளுடைய எண்ணுக்குப் போட்டேன். எடுக்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன். எடுத்தாள். பின்னால் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்ன அழுகை கேட்டது. நான் சொல்ல நினைத்திருந்த எல்லாம் மறந்துபோனது.

"நான்தான்டி" என்றேன். "குழந்தை எப்படி இருக்கு?"

அழுகை கொஞ்சம் தள்ளிப் போனது. யாரிடமோ பிள்ளையைக் கொடுத்திருக்க வேண்டும். பேசத் தொடங்கிய நாளிலிருந்து நீ, வா, போ என்று மட்டுமே என்னைக் கூப்பிட்ட என் மகள், கோபமே இல்லாத குரலில் சொன்னாள்.

"குரல் தெரியுது. நீங்க யாருன்னுதான் தெரியல."